வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள்: நான்காம் வகுப்பு நாட்குறிப்பு, திருப்பூர்

16.10.2025, வியாழன்

திங்கட்கிழமை தீபாவளி. பின்வரிசை இப்போதே காலி. போனஸ் கைக்கு வந்ததும் பீகார்க் குடும்பங்கள் ரயிலேறிவிட்டன. அமெரிக்கா ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கான இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியதும் பனியன் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தது. ஓவர்டைம் இல்லாதவர்கள் அதற்கும் முன்பே கிளம்பினார்கள்.

"இவங்களுக்குப் படிப்புல அக்கறையே இல்லைங்க டீச்சர்" என்றார் ஆசிரியர் அறையில் ஒருவர். தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் அவர்களுக்குச் சத் பூஜை, நம் பொங்கலைப் போல ஊரே ஒன்றுகூடும் நாள் என்றேன். இம்முறை நவம்பர் 6, 11 தேதிகளில் பீகார் சட்டமன்றத் தேர்தலும் இருக்கிறது. ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். இதை அக்கறையின்மை என்று எப்படி எழுதுவது?

27.10.2025, திங்கள்

ஊருக்குப் போகாத ஒரு சிறுமியின் அம்மா சத் பூஜைக்காகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம். வகுப்பில் சொல்ல விருப்பமா என்று தனியாகக் கேட்டேன், தலையாட்டினாள். பாதி தமிழ், பாதி கையசைவு. இன்று மாலை மறையும் சூரியனுக்கு, நாளைக் காலை உதிக்கும் சூரியனுக்குப் படையல். "மறையற சூரியனையா கும்பிடுவீங்க?" என்று பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள். ஜூனிலிருந்து வாய் திறக்காதவள் அவள். விருப்பம் கேட்காமல் நிற்கவைத்திருந்தால் அழுதிருப்பாள்.

05.11.2025, புதன்

சொல்வதை எழுதுதல் நோட்டுகளைத் திருத்தினேன். இந்தி தெரிந்த ஆளைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். என் பீகார்ப் பிள்ளைகளின் வீட்டில் பேசுவது போஜ்புரி அல்லது மைதிலி. இந்தி அவர்களுக்கும் பள்ளிக்கூட மொழிதான். ஒடிசாக் குழந்தைகளுக்கு அதுவும் கிடையாது.

பிழைகளை உட்கார்ந்து பார்த்தால் ஒழுங்கு தெரிகிறது. இந்தியில் ஏ, ஓ நெடில் மட்டுமே உண்டு. அதனால் 'எடு' என்றால் 'ஏடு' என்று எழுதுகிறான். ககரத்துக்கு நான்கு எழுத்து படித்து வந்தவன், இங்கே ஒரே 'க' பல ஒலி தருவதைக் கண்டு தடுமாறுகிறான். ஒடியாவில் ளகரம் இருக்கிறது, அந்தப் பிள்ளைகளுக்கு 'பள்ளி' பளிச்சென்று வருகிறது; பீகார்ப் பையனுக்கு அது 'பல்லி'. ழகரம் இருவருக்கும் புதிது. (நம் பிள்ளைகளிலும் பலருக்கு அது தகராறுதான்.) மக்கு என்று பெயர் வாங்கியவன் தன் மொழியின் விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறான். இதை ஆசிரியர் பயிற்சியில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் எத்தனையோ பிள்ளைகள் அடியும் ஏச்சும் வாங்காமல் தப்புவார்கள். ஆத்திரமாக வருகிறது.

14.11.2025, வெள்ளி

குழந்தைகள் தினம். நாள்பட வராதவர்களை எமிஸில் (மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்கள் பட்டியலுக்கு, அனுப்பிவிடலாம் என்று பேச்சு. அனுப்பினால், திரும்பி வரும் குடும்பம் மறுபடி சேர்க்கைக்கு அலைய வேண்டும். அரை நாள் லீவு போட்டால் அப்பாவுக்குக் கூலி போகும். பெற்றோரைப் போனில் பிடித்தேன். இன்று பீகாரில் ஓட்டு எண்ணிக்கை, அடுத்த வாரம் ரயில் என்றார்கள். தலைமையாசிரியர் பொறுத்திருக்கச் சம்மதித்தார்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. விட்டதைப் பிடிக்கத் தனிப் பயிற்சியும் அந்தப் பிள்ளையின் உரிமை என்கிறது. முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு, பையன் படிக்கவில்லை என்கிறோம்.

19.11.2025, புதன்

பாதிப் பேர் வந்துவிட்டார்கள். சத்துணவில் முட்டை சாப்பிடாதவர்கள் கை தூக்கச் சொல்வதை நிறுத்தியாகிவிட்டது. ஆயாம்மாவிடம் பட்டியல் இருக்கிறது, வாழைப்பழத்தைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்துவிடுகிறார்.

அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. இவர்களுக்குக் கணக்கில் கேள்வியை வாய்மொழியாகப் படித்துக் காட்ட அனுமதி கேட்டிருக்கிறேன். பெருக்கல் தெரிந்த பையன் தமிழ் வாக்கியம் புரியாமல் பூஜ்யம் வாங்குகிறான். தலைமையாசிரியர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். திங்கட்கிழமை மறுபடி கேட்பேன்.