அப்பத்தா மணல் மூட்டையான கதை

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் குடியிருக்கும் என் பெரியப்பச்சி (பெரியப்பா) மகன், போன மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்வதற்காக, அதாவது மாவில் நூல்திரியிட்டு ஏற்றிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதற்காக, காரைக்குடிக்கு வந்திருந்தார். வந்து இறங்கிய நாள் முதல் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அவர் பேசியது ஒரே விஷயத்தைத்தான். பனியில் கார் ஓட்டுவது எப்படி என்பதே அது.

இதில் முதல் குழப்பம் தமிழால் வந்தது. வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுந்து முழங்கால் உயரத்துக்குக் கிடப்பதும் பனி. விடியற்காலையில் கோலமாவை ஈரமாக்குவதும் பனி. ஆகவே, “போன வருஷம் பனியில் நாற்பது மைல் ஓட்டினேன்” என்று அண்ணன் பெருமையாகச் சொன்னபோது, “நானுந்தான் தெனமும் பனியில உக்காந்து கோலம் போடுறேன், யாருகிட்டச் சொன்னேன்?” என்று அப்பத்தா கேட்டுவிட்டார். குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டில் படிந்திருந்ததைச் சுரண்டிக் காட்டிய பிறகுதான் பேச்சு மேலே நகர்ந்தது.

அண்ணனிடம் இருப்பது 1972ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1296 சிசி எஞ்சின், இரண்டே இருக்கை, துணிக்கூரை. பனிக்காலத்தில் அந்தக் கூரையை மடக்கவே கூடாதாம்; பின்புறம் கண்ணாடிக்குப் பதிலாகத் தைத்திருக்கும் பிளாஸ்டிக் தாள் குளிரில் விறைத்துப்போய், மடக்கினால் அப்பளம்போல் நொறுங்கிவிடுமாம். எஞ்சின் முன்னால் இருக்க, வண்டியைத் தள்ளும் சக்கரங்கள் பின்னால் இருப்பதாலும், அந்தப் பின்பகுதியில் எடையே இல்லாததாலும், டிக்கியில் இரண்டு மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். முதல் கியரில் எடுத்தால் சக்கரம் வெறுமனே சுழலும் என்பதால், இரண்டாவது கியரில் கிளட்சை மெல்ல விட்டு நகர வேண்டும். பின்பக்கம் வழுக்கினால், அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எது நடந்தாலும் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதிக்கக் கூடாது.

சாலையில் உப்பைக் கொட்டுவார்கள் என்று அவர் சொன்னது அப்பத்தாவுக்குப் பொறுக்கவில்லை. “ரோட்டுக்கு எதுக்குடா உப்பு? மாவடுவா போடுறாக?” என்றார். உப்புச் சேர்ந்த நீர் எளிதில் உறையாது, ஆனால் அதே உப்புதான் பழைய கார்களின் சட்டத்தை அடியிலிருந்து அரித்துத் தின்றுவிடும் என்று அண்ணன் விளக்கியபோது, அவர் முகத்தில் தெரிந்த வேதனை பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவருடைய வேதனை.

எங்கள் வீட்டில் ஐயா (அப்பாவின் அப்பா) வாங்கிய 1963ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று இருக்கிறது. சென்னையில் 1961 முதல் தயாரான, 948 சிசி எஞ்சின் உள்ள, இரண்டு கதவு வண்டி. ஸ்பிட்ஃபயரும் ஹெரால்டும் பங்காளிகள் என்பதை அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரண்டையும் வடிவமைத்தவர் மிக்கெலொட்டி என்ற ஒரே இத்தாலியர். ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரைக் கட்டினார்கள். இரண்டிலும் மட்கார்டுகளோடு சேர்ந்து மூக்கு முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின்மேல் திண்ணைபோல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். ஒரே கோயில் பிரிவைச் சேர்ந்த பங்காளி வண்டிகள் என்று தெரிந்தபின், பிள்ளையார்பட்டிக் கோயிலுக்கு எங்கள் ஹெரால்டில்தான் போவது என்று அண்ணன் முடிவெடுத்ததை யாராலும் தடுக்க முடியவில்லை.

முந்தின நாள் வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக்கிடம், ரேடியேட்டரில் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றியிருக்கிறதா என்று அண்ணன் விசாரித்தார். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் சுழியத்துக்குக் கீழே 35 டிகிரி வரை உறையாது என்றும் எடுத்துச் சொன்னார். சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருந்த மெக்கானிக் நிமிர்ந்து பார்த்து, “நம்மூரு மார்கழியில தேங்கா எண்ணெய் ஒண்ணுதாண்ணே உறையும். அத நாங்க ரேடியேட்டர்ல ஊத்துறதில்ல” என்றார். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும் என்பதை நினைத்தால், எங்கள் ஊர்க் குளிர்காலத்தின் அளவு விளங்கும்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ஓட்டுநர் இருக்கையில் அண்ணன், பக்கத்தில் நான், முன்னிருக்கையை மடக்கி வழிவிட்டுப் பின்னால் ஏற்றியதில் அப்பத்தாவும் அயித்தையும், அவர்கள் மடியில் அர்ச்சனைக் கூடை. சோக்கை முழுவதும் இழுத்து, நான்காவது முயற்சியில் எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. ஊரைத் தாண்டியதும் மூடுபனி சூழ்ந்தது. குன்றக்குடி மலை இருந்த இடமே தெரியவில்லை. கண்ணாடியில் நீர்த்திவலை படிய, வைப்பர் அதைத் துடைக்காமல் பூசிவிட்டது. ரப்பர் காய்ந்துபோய் ஒரு வருடம் ஆகிறது. மாற்றாமல் விட்டவன் நான் என்பதால் இதைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.

லீட்ஸில் உறைந்த கண்ணாடியை வங்கி அட்டையால் சுரண்டுவேன் என்று சொல்லி அண்ணன் இறங்கிச் சுரண்டினார். ஈரத்தைச் சுரண்டினால் என்ன வரும்? அப்பத்தா இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலைக்கு வைத்திருந்த புகையிலைத் துண்டு ஒன்றை என்னிடம் நீட்டி, “இதக் கண்ணாடியில தேய்டா, ஐயா காலத்து டிரைவர் இதத்தான் செய்வாரு” என்றார். நனைத்துத் தேய்த்தேன். பழுப்பாக ஒரு தடம் ஓடி மறைய, அதற்குப் பின் திவலைகள் முத்துமுத்தாக நிற்காமல் மெல்லிய ஏடாகப் படர்ந்தன, சாலை தெரிந்தது. அண்ணன் எதுவும் சொல்லாமல் வண்டியை எடுத்தார்.

ஒரு மைல்கூடப் போயிருக்க மாட்டோம், மூடுபனிக்குள்ளிருந்து ஒரு பசுமாடு, அவசரம் எதுவும் இல்லாமல், சாலையின் நடுவுக்கு வந்து நின்றது. மூன்று நாளாக மிதிக்கவே கூடாது என்று எங்களுக்குப் பாடம் நடத்திய அதே பிரேக்கை அண்ணன் ஓங்கி மிதித்தார். வண்டி அரைவட்டம் போட்டுச் சாலையோரச் செம்மண்ணில் பின்சக்கரத்தை இறக்கி நின்றது. கார்த்திகை முழுவதும் பெய்த மழையை அந்தச் செம்மண் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. மாடு எங்களைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனது.

வண்டியின் பாரம் குறையட்டும் என்று அப்பத்தாவையும் அயித்தையையும் இறக்கிவிட்டு, நான் பின்னாலிருந்து தள்ளினேன். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. நோன்புக்கென்று எடுத்த என் வேட்டி முழங்காலிலிருந்து மார்பு வரை செம்மண் அடித்த சுவராயிற்று. அப்போதுதான் அண்ணனுக்கு ஞானம் பிறந்தது. “இறக்கியதுதான் தவறு, பின்னால் எடை வேண்டும், இருவரும் ஏறுங்கள்” என்றார்.

அப்பத்தா ஏறவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “அப்ப நாங்க ரெண்டு பேரும் மணல் மூட்டையாடா?” என்று கேட்டார். இதற்கு மரியாதையாகச் சொல்லத்தக்க பதில் எதுவும் தமிழில் இல்லை. பால்கேன்களோடு மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் நின்று, நிலைமையைப் பார்த்து, கேனுக்கு அடியில் போட்டிருந்த சாக்கை உருவிச் சக்கரத்தின் முன்னால் திணித்தார். அங்கே கால்மிதியைப் போடுவோம் என்று அண்ணன் அவருக்கும் விளக்கத் தொடங்கினார்; அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் பிள்ளையாரை உத்தேசித்து இருவரும் ஏறினார்கள். இரண்டாவது கியர், கிளட்ச் மெல்ல, ஒரு குலுங்கல். வண்டி மேலே ஏறிவிட்டது.

ஏறிய வண்டி நிற்கவில்லை. கெட்டித் தரை வரும்வரை நிறுத்தக் கூடாது என்பதும் பனிச் சட்டத்தில் ஒன்று போலும். என்னையும் சாக்கையும் விட்டுவிட்டு மூடுபனிக்குள் மறைந்தது. பால்காரர் சாக்கை உதறி மடித்துக்கொண்டு, “ஏறுங்கண்ணே” என்றார். இரண்டு கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து நான் கோயில் வாசலில் இறங்கியபோது, அப்பத்தா முன்பின் தெரியாத ஒரு ஆச்சியிடம், தான் உட்கார்ந்ததால்தான் வண்டி எழுந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் லீட்ஸுக்குத் திரும்பியபின் அங்கே பனி விழுந்தது. அவர்கள் ஊர்ப் பனி. திறந்த டிக்கியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். இரண்டு மணல் மூட்டைகள். ஒன்றின்மேல் ‘அப்பத்தா’ என்றும் மற்றொன்றின்மேல் ‘அயித்தை’ என்றும் கறுப்பு மையில் எழுதியிருந்தது. அப்பத்தா கைப்பேசியைக் கண்ணுக்கருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். “அவ மூட்டையவிட எம்மூட்டை ஏன்டா சிறுசா இருக்கு?” என்று மட்டும் கேட்டு எழுதச் சொன்னார்.