குதிரைக்கும் சேர்த்துத் தேடும் கூடார இடம்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குக் குடிவந்த புதிதில் சனி, ஞாயிறு என்றால் டர்பன் பக்கம்தான் போவோம். 1860-இல் தொடங்கி கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே நிறைய. பலருக்கு வீட்டில் ஆங்கிலம்தான் பேச்சு. ஆனால் காவடிக்கு விரதம் இருக்கும் கண்டிப்பில் நம் ஊரையே மிஞ்சிவிடுவார்கள். மகள் குதிரையேற்றம் பழக ஆரம்பித்ததும் எங்கள் வண்டி மேற்கே டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடர் பக்கம் திரும்பிவிட்டது. குதிரைகளையும் ஏற்றிக்கொண்டு போய் மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தங்குவது இப்போது எங்கள் குடும்பத்துக்குப் பெரிய சந்தோஷம்.

இங்கே இடத்துக்கு முன் மாதத்தை முடிவு செய்ய வேண்டும். காரணம் ஆப்பிரிக்கக் குதிரை நோய். கொசுவைவிடச் சிறிய கியூலிகாய்டஸ் என்ற பூச்சி கடித்துப் பரப்பும் வைரஸ் நோய் அது. எதிர்ப்புச் சக்தி இல்லாத குதிரை பிழைப்பது அபூர்வம். வருடா வருடம் தடுப்பூசி போட்டாலும் முழு நிம்மதி கிடையாது. அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும்வரை பூச்சி கடிக்கும். கோடைமழையின் பின்பகுதியில் மிக மோசம். நல்ல உறைபனி விழுந்தால்தான் அடங்கும். அதனால் குதிரை இரவில் வெட்டவெளியில் நிற்க வேண்டிய முகாம் என்றால் எங்களுக்கு இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலைதான். கோடையில் போக ஆசை வந்தால் லாயம் உள்ள பண்ணையில் மட்டுமே தங்குவோம். பொழுது இறங்குமுன் குதிரை உள்ளே போய்விட வேண்டும். பிற்பகலில் இடியும் மின்னலும் மலையைப் பிளக்கும் காலம் வேறு.

குளிர்காலத்தில் தொல்லை புல்லில் இருக்கிறது. உயரத்துப் புல்வெளிகளில் சத்து வேருக்கு இறங்கிவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் பொன்னிறமாகப் புல் நின்றாலும் குதிரைக்கு அதில் ஒன்றும் இல்லை. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு 8 கிலோ காய்ந்த புல், 30 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்து, டெஃப் என்ற தீவனப் புல் கட்டுகளை நாமே ஏற்றிப் போக வேண்டும். ஆகவே குதிரைகளை ஏற்றிவரும் வண்டி உள்ளே வந்து திரும்ப வசதி இல்லாத முகாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்கள் பட்டியலில் சேராது.

லாயத்தில் வேலை செய்யும், சோத்தோ இனத்தைச் சேர்ந்த பெரியவரை நாங்கள் 'ந்தாதே' என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். குதிரையை இறக்குமுன் அவர் வேலி ஓரமாக ஒரு சுற்று வருவார். குதிகாலால் மண்ணை அழுத்தி ஈரம் கசிகிறதா என்று பார்ப்பார். கம்பியை விரலால் தடவிக்கொண்டே நடப்பார். மஞ்சள் பூப் பூக்கும் செனேசியோ செடி தென்பட்டால் வேரோடு பிடுங்கி வேலிக்கு வெளியே தூரமாகப் போடுவார். அது குதிரையின் ஈரலைக் கெடுக்கும் விஷச்செடி. சுற்றிலும் புல் காய்ந்து கிடக்கையில் பச்சையாகத் தெரியும் எதையும் குதிரை கடித்துப் பார்க்கும் அல்லவா? ஆற்றங்கரைத் தாழ்வில் இடம் வேண்டாம் என்பதும் அவர் சொன்னதுதான். குளிர்ந்த காற்று இரவில் அங்கேதான் இறங்கித் தேங்கும், தொட்டித் தண்ணீர் உறைந்துவிடும். கொஞ்சம் மேட்டில், காற்று மறைவில் நிற்கலாம். இந்த நாட்டு மண்ணும் காற்றும் எனக்குப் பிடிபட்டது அவர் பின்னால் நடந்த அந்தச் சுற்றுகளில்தான்.

குளிர்கால முடிவில் உள்நாட்டிலிருந்து இறங்கும் சூடான வறண்ட காற்றில் புல்வெளி பற்றிக்கொண்டால் மளமளவென்று பரவும். தீ தாண்டாமல் இருக்க முன்கூட்டியே புல்லை ஒரு பட்டையாக எரித்து வைத்திருக்கிறார்களா என்று கேட்கத் தயங்க வேண்டாம். அண்டை நாடான லெசோத்தோவின் எல்லையை ஒட்டிய பகுதிகளில் கால்நடைத் திருட்டும் உண்டு. ஆள் நடமாட்டம் உள்ள பண்ணையே நல்லது. 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த டிராக்கன்ஸ்பெர்க் பூங்காவுக்குள் தங்குவதாக இருந்தால், குதிரைக்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

புதிதாகத் தொடங்கும் குடும்பங்களுக்கு மலையடிவார ஊர்களான அண்டர்பெர்க், ஹிம்வில் பக்கத்துப் பண்ணைகளில் முதலில் ஓர் இரவு தங்கிப் பார்க்கச் சொல்வேன். நடு இரவில் குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் மருத்துவர் எவ்வளவு நேரத்தில் வந்து சேர்வார் என்று பண்ணைக்காரரிடம் கேட்டுவிட்டு, அதன் பிறகு முன்பணம் கட்டுங்கள்.