பத்து ஆராங்: கறுப்பு மண்ணை நம்பி நடாதீர்கள்

மலேசியாவின் சிலாங்கூரில், குவாங்கிலிருந்து வடமேற்கே போனால் செம்பனைத் தோட்டங்களுக்கு அப்பால் பத்து ஆராங் வரும். நம் காதுக்கு எண் போல விழுந்தாலும் மலாயில் 'பத்து' கல், 'ஆராங்' கரி. 1915 முதல் 1960 வரை இங்கே நிலக்கரி வெட்டினார்கள். மலாயா ரயிலுக்குக் கரி போக குவாங்கிலிருந்து கிளைப் பாதையே இருந்தது. வெட்டிய குழிகள் இன்று குளங்கள். வருகிறவர்கள் செங்கல் புகைபோக்கியைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மண்ணில் ஆர்வமுள்ளவர்கள் சுரங்கத்திலிருந்து கொட்டிய பழைய மண்மேடுகளைப் பார்க்க வேண்டும்.

சுரங்க மேட்டின் கறுப்பு, மக்கிய உரத்தின் கறுப்பு அல்ல. அதிலிருப்பது கரித்தூள். ஆய்வுக்கூடத்தில் எரித்துப் பார்த்தால் மக்கிய பொருளின் அளவைச் சொல்லும் 'அங்ககக் கரிமம்' தாராளமாகக் காட்டும். அதை நம்பி நைட்ரஜன் உரத்தைக் குறைத்தால் கன்று மஞ்சளாகும். வெயிலில் இந்தக் கறுப்பு 50 டிகிரியைத் தாண்டிச் சுடும், இளங்கன்று கழுத்தில் வெந்துபோகும்.

ரேசாம் என்ற பெரணியும் செண்டுடுக் என்ற புதர்ச்செடியும் மட்டுமே அடர்ந்திருந்தால் மண் கடும் புளிப்பு. அதனாலேயே பயப்பட வேண்டாம். பால்மரமும் (ரப்பர்) செம்பனையும் பிஎச் 4 வரை தாங்கும் (பிஎச் என்பது புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). கந்தகக் கல்லான பைரைட் கலந்திருந்தால்தான் வம்பு. வெளிக்காற்று படப்பட அது அமிலமாகிக்கொண்டே இருக்கும். ஒரு பங்கு மண்ணை இரண்டரைப் பங்கு தண்ணீரில் கலக்கி, அரை மணி நேரம் கழித்து பிஎச் பாருங்கள். இன்னொரு சிட்டிகை மண்ணில் 30% ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு, ஆறியதும் மறுபடி பாருங்கள். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பெராக்சைடே புளிப்பானது என்பதால் அதன் பிஎச்சை முன்கூட்டி 5 அருகே கொண்டுவர வேண்டும். நுரையை வைத்து முடிவு கட்டாதீர்கள், கரித்தூளும் நுரைக்கும். பிஎச் 3க்குக் கீழே சரிந்தால் பைரைட் இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்போது தோட்டத்து வழக்கப்படி எக்டருக்கு 2 டன் சுண்ணாம்பு யானைப் பசிக்குச் சோளப்பொரி. பைரைட் கந்தகம் 1% இருந்தால் ஆயிரம் டன் மண்ணுக்குச் சுமார் 31 டன் சுண்ணாம்புக்கல் தேவை. ஒரு எக்டரின் மேல் 15 செண்டிமீட்டர் மண்ணே ஏறக்குறைய 2,000 டன். கணக்கு 62 டன்னில் நிற்கும். அந்த மண்ணை ஆழத்தில் புதைத்து, நல்ல மண்ணால் மூடுவதே மலிவு.

லாரி ஓடி இறுகிய மேட்டை முதலில் 60 செண்டிமீட்டருக்குக் குறையாமல் கிழித்துவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போது கிழித்தால் களிமண் பூசியதுபோல் அடைத்துக்கொள்ளும். பாறைப் பாஸ்பேட்டையும் சுண்ணாம்பையும் ஒன்றாகப் போடக்கூடாது. பாஸ்பேட் கரைவதே மண்ணின் புளிப்பில்தான். பிறகு மண்ணை மூடிப் படரும் பயறுவகைக் கொடிகள்: புவேரேரியா, அல்லது மியூகுனா. செம்பனை ஆலையில் பழம் உதிர்த்த காலிக் குலை எக்டருக்கு 40 டன், ஒரே அடுக்காக மட்டும். குவித்தால் செம்பனையைத் தின்னும் காண்டாமிருக வண்டு குடியேறும்.

அகாசியா மாங்கியம் மட்டும் நட்டால் சீக்கிரம் பச்சையாகும், படம் அழகாக வரும். ஆனால் உதிர்ந்த இலை தடிமனாகப் படிந்து கீழே எதையும் முளைக்க விடாது, நடுத்தண்டும் அழுகும். முதல் சில ஆண்டு நிழலுக்கு அது போதும். இடையிடையே உள்ளூர்க் காட்டு மரங்களைச் சேர்த்து, பிறகு அகாசியாவை வெட்டிவிடலாம்.

இந்த மேடுகளில் நடக்கும்போது, நிலம் வட்டமாக உள்வாங்கியிருந்தாலோ மரங்கள் ஒரு பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருந்தாலோ தள்ளியே போங்கள். அடியில் பழைய சுரங்கம் இருக்கலாம்.