இரண்டு குழுக்களுக்கு ஒரே நோட்டு

12 மே 2024, ஞாயிறு, திருச்சி

மெல்லிசைக் குழுக்கள் ஏன் உடைகின்றன, சில மட்டும் எப்படி நிலைக்கின்றன என்று கலைஞர்களிடமே கேட்டு எழுதும் வேலையை இன்று தொடங்கினேன். முதலில் சந்தித்தவர் 24 ஆண்டுகள் ஒரே குழுவில் கீபோர்டு வாசித்து, பின்னர் விலகியவர். "ஏன் பிரிந்தீர்கள்?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டது என் பிழை. "ஒத்துவரவில்லை சார்" என்றதோடு பேச்சு நின்றுவிட்டது. கடைசியாகச் சேர்ந்து வாசித்த கச்சேரியில் முதல் பாட்டு எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், இருந்தது என்று கேட்ட பிறகுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கோயில் திருவிழாக்களில் பேசும் தொகை குறையக் குறைய, 14 பேர் இருந்த மேடை எட்டுப் பேராகச் சுருங்கியதாம். டிரம்பெட்காரரை நிறுத்திவிட்டு, அவர் பகுதியையும் இவரையே கீபோர்டில் வாசிக்கச் சொன்னார்கள். "ஒரு சீசன் வாசித்தேன். அவர் வீட்டு வழியாகப் போகவே கூச்சமாக இருந்தது" என்றார். சம்பளத் தகராறு என்று ஊரில் பேசப்பட்ட பிரிவுக்கு உண்மையான காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

14 மே, செவ்வாய்

குழுத் தலைவரைப் பார்த்தேன். அவரிடமும் நியாயம் இருக்கிறது. வேனுக்கு வாங்கிய கடன் முடியவில்லை. முன்பே பதிவு செய்த இசையான டிராக்கை லேப்டாப்பில் ஓடவிட்டு இரண்டு பேர் பாடினால் போதும் என்னும் காலத்தில், எட்டுப் பேரையாவது மேடையில் உட்கார வைத்திருக்கிறார். யார் பக்கம் சரி என்று தீர்ப்பு எழுத எனக்கு மனமில்லை.

பிரவுன் தாள் அட்டை போட்ட ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டினார். பாட்டுக்குப் பாட்டு, இடையிசை யார் வாசிப்பது, பாடகருக்கு எத்தனை கட்டை என்பதெல்லாம் கீபோர்டுக்காரரின் கையெழுத்தில் இருந்தன. புறப்படும்போது, "இதை அவனிடமே கொடுத்துவிடுங்கள், நான் படம் பிடித்து வைத்துக்கொண்டேன்" என்றார்.

17 மே, வெள்ளி

இரட்டை இசையமைப்பாளர்கள் விசுவநாதன், ராமமூர்த்தி இருவரையும் நினைத்துக்கொண்டே குறிப்புகளைப் படி எடுத்தேன். இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமனிடம் ஒன்றாக வேலை பார்த்த ஆர்மோனியக்காரர் விசுவநாதனும் திருச்சி வயலின்காரர் ராமமூர்த்தியும் 1952இல் 'பணம்' படத்தில் இணைந்து, 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தார்கள். 30 ஆண்டுகள் கழித்து 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு மீண்டும் சேர்ந்து இசையமைத்தார்கள். பிரிவுக்குக் காரணம் தேடியவர்களில் பாதிப் பேராவது, அந்த 13 ஆண்டுகளில் வயலினுக்கும் ஆர்மோனியத்துக்கும் வேலை எப்படிப் பங்கிடப்பட்டது என்று அவர்களிடம் கேட்டுப் பதிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! 2013இல் ராமமூர்த்தியும் 2015இல் விசுவநாதனும் மறைந்துவிட்டார்கள்.

19 மே, ஞாயிறு

கீபோர்டுக்காரர் ஆறு பேரைச் சேர்த்து, டிராக் இல்லாமல் முழுவதும் வாசித்தே பாடும் புதிய குழுவைத் தொடங்கியிருக்கிறார். மொட்டை மாடியில் ஒத்திகை நடந்தது. நோட்டைக் கொடுத்ததும் முதல் பக்கத்தை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் டிரம்பெட்காரரிடம் நீட்டினார். அவர் கண்ணாடியை மாட்டி, தம் பகுதி இருந்த பக்கத்தைத் தேடி எடுத்து, ஒரு சுரத்தைப் பென்சிலால் அடித்து மேலே வேறொன்றை எழுதினார்.

"இத்தனை வருசமும் தப்பாகவா வாசித்தோம்?" என்றார் இவர்.

"நீ எழுதியதுதான் தப்பு. நான் சரியாகத்தான் வாசித்தேன்" என்று சொல்லிவிட்டு, அவர் டிரம்பெட்டை உதட்டில் வைத்தார்.