பொதுக்குழுவும் மத்திக் குழம்பும்

தூண்டில் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பதைவிடக் கல்யாண மண்டபத்தில் செருப்புக்குக் காவல் இருக்கலாம். அங்கே ஒரு ஜோடி காணாமல் போனால் ஒருத்தர்தான் திட்டுவார்.

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பன் கரையில், டிசம்பர் 1 அன்று ஷாட் என்கிற மீனைப் பிடிக்கும் சீசன் திறக்கிறது. அக்டோபரும் நவம்பரும் அது முட்டையிடும் காலம், கை வைக்கக் கூடாது. நமக்குப் புரட்டாசி அக்டோபர் நடுவிலேயே முடிந்துவிடும். ஷாட்டுக்கு மட்டும் அரசாங்கம் நவம்பர் 30 வரை புரட்டாசியை நீட்டி வைத்திருக்கிறது. அதுவரை இந்த ஆட்களை வைத்துக்கொண்டு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். போன வாரம் எதிர் வீட்டு அண்ணன் கை மறந்துவிடக் கூடாது என்று வாசலில் நின்று ஈயக்குண்டை வீசிப் பார்த்தார். அது பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த நைட்டியை இழுத்துக்கொண்டு வந்தது. 30 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் திருப்பி விட வேண்டாம் என்று குரூப்பில் ஒருத்தர் எழுதினார். சீசன் இன்னும் திறக்கவில்லையே என்று இன்னொருத்தர். அண்ணி இரண்டு நாளாக அவரோடு பேசவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று சாயங்காலம் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு கராஜில் பொதுக்குழு. சங்கத்தில் 19 பேர், வந்தது 6 பேர். மீன்பிடி பெர்மிட் இன்னும் வாங்கவில்லை என்று மூன்று பேர். போன இடத்தில் பிரிண்டர் ஓடவில்லையாம், போன வருஷமும் அதே பிரிண்டர்தான் ஓடவில்லை. முதல் நாள் தூண்டில் போடுவது ப்ளூ லகூன் கரையிலா, இசிப்பிங்கோ கரையிலா என்று நாற்பது நிமிஷம் சண்டை. தலைவர் மாமா வழக்கம்போல, "ஷாட் பல்லு பிளேடு மாதிரி, முள்ளுக்கு மேல ஒரு சாண் கம்பி போடாம வர்றவன் எங்கிட்ட தூண்டில் நரம்பு கடன் கேக்கக் கூடாது" என்றார். கேட்கப் போகிறவர் அவர்தான்.

அப்புறம் அம்மா சாப்பாடு கொண்டு வந்தார். சோறு, மத்திக் குழம்பு. புளியும் மாங்காயும் போட்டு, மேலே எண்ணெய் மிதக்க, ஒவ்வொரு மீனும் முழுசாக, வால்கூட உடையாமல். ஆறு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். இசிப்பிங்கோ கட்சியும் ப்ளூ லகூன் கட்சியும் ஒரே சட்டியில் கை விட்டன. தலைவர் மாமா மட்டும் ஏழு மீன். எட்டாவதை எடுக்கும்போதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"அக்கா, நவம்பர்ல ஏது இவ்வளவு மத்தி?"

"ஃப்ரீசர்ல கெடந்துச்சு."

என் வயிற்றுக்குள் போயிருந்த நாலு மத்தியும் ஒன்றாகத் திரும்பிப் படுத்தன. ஜூலையில் மத்திக் கூட்டம் கரையேறிய சமயம், வலைக்காரர்களிடம் சங்கச் சந்தாப் பணத்தில் இரண்டு பெட்டி வாங்கி, பை பையாகக் கட்டி வைத்தது நான்தான். சீசனுக்கு இரை. ஓடிப் போய்த் திறந்து பார்த்தேன். பச்சைப் பட்டாணி இருந்தது. ஐஸ்கிரீம் டப்பா ஒன்று இருந்தது. பை ஒன்றுகூட இல்லை.

"பை மேல எழுதித்தானேம்மா வச்சிருந்தேன்!"

"சங்கம்னுதானடா எழுதியிருந்தே? சங்கத்துக்குத்தானே போட்டேன்."

"மத்த பையெல்லாம்?"

"மூணு வாரமா நீ என்ன திங்கிறேன்னு நெனச்சே?"

மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டு ஆம்பளைகளுக்குக் கிடையாது. முள்ளில் இரையைச் சுற்றிக் கட்டுகிற நூல்கண்டும் காணோம். அது தீபாவளிக்கு முந்தின நாளே சாமந்தி கட்டப் போய்விட்டதாம். நல்லா இழுக்குது, இன்னும் ரெண்டு வாங்கிட்டு வா என்கிறார்.

பொருளாளர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று என்னைப் பார்த்தார். இரைச் செலவு என்றே எழுதச் சொன்னேன். தின்றவர்களே கையெழுத்துப் போட்டு அங்கீகரித்தார்கள். இந்தச் சங்கத்தில் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது இதுதான் முதல் தடவை. புது இரை வாங்க ஆளுக்குக் கொஞ்சம் போடலாமா என்றதும் நாலு பேருக்கு மாத்திரை போடுகிற நேரம் வந்துவிட்டது.

காலையில் டீ குடிக்கும்போது அம்மா அந்த ஐஸ்கிரீம் டப்பாவைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். உள்ளே பேப்பரில் சுற்றிய நாலு மத்தி, இருந்ததிலேயே கொழுத்தவை.

"ஒரு ஆளுக்கு நாலுதானே சட்டம்?"

"அது பிடிக்கிற ஷாட்டுக்கும்மா. இரைக்கு இல்ல. நாலு மத்தியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அம்மா சுவரில் தொங்கும் அப்பாவுடைய பழைய ரீலைப் பார்த்தார்.

"அவருக்கு ஒண்ணே போதும்."