உச்சிக்கோடு பிடிபட்டது: முற்றத்தில் மெய்வடக்கு

இந்தப் பெப்ரவரியில், எங்கள் முற்றத்தில் கீறிய வடக்கு–தெற்குக் கோடான உச்சிக்கோட்டை, தகட்டுத் துளை வழியாக விழும் சூரியப்பொட்டு கடந்தபோது கைபேசி நேரம் பகல் 12.24ஐக் காட்டியது. கணக்கும் அதைத்தான் சொல்லியிருந்தது. கால் நிமிடத்துக்குள் இரண்டும் ஒத்துப்போனதால், சூரிய கடிகார வேலையில் மிகவும் அலைக்கழித்த கட்டம் முடிந்துவிட்டது என்று துணிந்து எழுதுகிறேன்.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடிகாரம் கிழக்கு நெடுங்கோடு 82.5 பாகைக்கு ஓடுகிறது. யாழ்ப்பாணம் இருப்பதோ ஏறத்தாழ 80 பாகையில். ஆகவே, பாகைக்கு நான்கு நிமிடமாக, சூரியன் உச்சிக்கு வரும் நேரம் ஆண்டுச் சராசரியில் இங்கு 12.10 ஆகத்தான் இருக்கும். அதன்மேல் பூமியின் நீள்வட்டப் பாதையாலும் அச்சுச் சாய்வாலும் வரும் ஏற்றத்தாழ்வு சேர்ந்து, பெப்ரவரி நடுப்பகுதியில் உச்சியை 12.24க்குத் தள்ளுகிறது, நவம்பர் தொடக்கத்தில் 11.54க்கு முன்னிழுக்கிறது. 1996 மே மாதம் இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னிழுத்து, 2006 ஏப்ரல் வரை அப்படியே வைத்திருந்தார்கள். பழைய நேரம், புதிய நேரம் என்று நாம் இரண்டு கணக்கில் பேசிய அந்த ஆண்டுகளில், இதே பெப்ரவரி உச்சி கடிகாரத்தில் 12.54 ஆக இருந்திருக்கும்.

வடக்கைக் காந்த ஊசியால் பிடிக்கலாம் என்று பலரும் சொன்னார்கள். முற்றத்துக்குச் சீமெந்து பூசிய மேசன்கூட, "கொம்பாஸ் இருக்கேக்கை உந்தக் கரைச்சல் எல்லாம் என்னத்துக்கு ஐயா?" என்று கேட்டார். இங்கே காந்த வடக்கு மெய்வடக்கிலிருந்து ஏறத்தாழ இரண்டு பாகை மேற்கே விலகி நிற்கிறது. சீமெந்துக்குள் கிடக்கும் கம்பி அந்த ஊசியை இன்னும் எங்கே இழுக்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது. இரண்டு பாகைப் பிழை பெப்ரவரியில் மூன்று நிமிடமாகவும், நிழல் நீளும் டிசெம்பரில் ஏறத்தாழ ஐந்து நிமிடமாகவும் தெரியும். கோயில் கட்டும் ஸ்தபதிமார் சங்கு எனப்படும் நேர்க்கம்பை நாட்டி, காலையிலும் பின்னேரத்திலும் நிழல்நுனி ஒரே வட்டத்தைத் தொடும் இரண்டு புள்ளிகளைக் குறித்துத் திசை காணும் முறையே எனக்குச் சரியாகப் பட்டது.

ஆனால் அந்த நிழல்நுனியில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானில் அரைப் பாகை அகலம் கொண்ட வட்டம். ஒரு மீற்றர் உயரக் கம்பியின் நுனி நிழல் தரையில் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குக் கலங்கிப்போய், எங்கே முடிகிறது என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாததாக விழுகிறது. உச்சிவேளையில் அந்த நுனி நிமிடத்துக்கு ஏறத்தாழ நாலரை மில்லிமீற்றர் நகர்வதால், ஒரு சென்ரிமீற்றர் கலக்கம் இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட ஐயம். ஆகவே கம்பியைக் கைவிட்டு, சுவரிலிருந்து நீட்டிய இரும்புச் சட்டத்தின் முனையில், தரைக்குச் சரியாக ஒரு மீற்றர் மேலே, துளையிட்ட பித்தளைத் தகடு ஒன்றைப் பொருத்தினேன். துளை வழியாக விழுவது நிழல் அல்ல, சூரியனின் பிம்பம். துளையிலிருந்து தரை வரையுள்ள தூரத்தில் ஏறத்தாழ 107இல் ஒரு பங்கு அதன் விட்டம். மாமரத்தின் கீழ் வட்ட வட்டமாக விழும் வெயிற்பொட்டுகளும் இவைதான். கங்கண சூரிய கிரகணத்தின்போது அவை அத்தனையும் வளையங்களாக மாறும். அத்தகைய கிரகணம் 2010 ஜனவரி 15 அன்றும் 2019 டிசெம்பர் 26 அன்றும் யாழ்ப்பாணத்துக்கு வாய்த்தது.

துளையின் அளவுக்காகப் பல தகடுகளை வீணாக்க வேண்டியிருந்தது. ஒன்றரை மில்லிமீற்றர் துளையின் பொட்டு திறந்த முற்றத்து வெளிச்சத்தில் கரைந்து போகிறது, நான்கு மில்லிமீற்றருக்கு நன்றாகத் தெரிந்தாலும் விளிம்பு கலங்குகிறது, மூன்றே பொருத்தம். வானொளியை மறைக்க, ஒரு பக்கம் திறந்த மட்டைப்பெட்டியைப் பொட்டின்மேல் கவிழ்த்தால் விளிம்பு நன்றாகத் தெளியும். துளையைக் கஸ்தூரியார் வீதியில் நகை செய்யும் பத்தர் ஒருவர் இட்டுத் தந்தார். பிசிறில்லாத துளை வேண்டுமானால் நகைப்பட்டறைக்குப் போங்கள் என்பதே என் பரிந்துரை. பொட்டின் நடுவைக் கண்மட்டில் குறிக்கக் கூடாது. ஒளிபுகும் தாளில் ஒருமையவட்டங்களைக் கீறி, பொட்டைச் சுற்றி நாற்புறமும் ஒரே இடைவெளி தெரியும்வரை தாளை நகர்த்தி, நடுவில் ஊசியால் குத்த வேண்டும். பழகியபின் ஒரு மில்லிமீற்றருக்குள் நிற்கிறது.

துளைக்கு நேர்கீழே உள்ள அடிப்புள்ளியைக் காண வாங்கிய தூக்குக்குண்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரும்புக்கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கிய அந்தக் குண்டை நூலில் சுழலவிட்டபோது, கூர்முனை ஓரிடத்தில் நில்லாமல் சிறு வட்டம் போட்டது. அதாவது முனை நூலின் நேர்கோட்டில் இல்லை. சுவர் கட்ட இது போதும் என்று கடையில் சொன்னார்கள். சுவருக்கே அது போதாது என்பது என் எண்ணம். கடைசற்பட்டறையில் கொடுத்து முனையைத் திருப்பிச் சீவி எடுத்தேன். வாடைக்காற்றில் நூல் ஆடாதிருக்க, அதை ஒரு பீவீசீ குழாய்க்குள் இறக்கினேன். இந்த உபாயம் எல்லோருக்கும் உதவும்.

முற்றம் மழைத்தண்ணீர் வடிய வாட்டம் விட்டுப் பூசப்பட்டது. அதனால் சமையலறை மேடைக்கு வெட்டியதில் மிஞ்சிய கிரனைட் பலகையை ஆப்பு வைத்து மட்டமாக்கி, கறுப்பில் பொட்டின் விளிம்பு தெரியாதென்பதால் வெள்ளை பிறிஸ்டல் போட் ஒட்டினேன். மட்டம் தேவைப்படுவது, அடிப்புள்ளியை மையமாக வைத்துக் கீறும் திசைகாண் வட்டங்களுக்கே. உச்சிக்கோடு தூக்குநூலோடு ஒரே தளத்தில் கிடப்பதால், சரிந்த தரையிலும் அது நேர்கோடாகவே விழும். வட்டங்களைக் காலை பத்தரையை ஒட்டிப் பொட்டு கடக்கும்படி தேர்ந்துகொள்ளுங்கள். உச்சியை நெருங்க நெருங்கப் பொட்டு வட்டத்தை உரசிக்கொண்டு போவதால் வெட்டும் இடம் தெளியாது. பின்னேரம் முகில் வந்தால் காலைக் குறி வீணாகும் என்பதால் வட்டங்களைப் பலவாகக் கீறி வைத்தேன். சூரியனின் வடக்கு–தெற்குச் சாய்வு மெதுவாக மாறும் டிசெம்பர் கடைசியே இதற்கு உகந்த காலம், ஆனால் மாரி முகில் விட்டால்தானே!

இனி நிரந்தரக் கோட்டுக்கு வெள்ளை மாபிள் துண்டு வேண்டும். டிசெம்பரில் பொட்டு அடிப்புள்ளிக்கு வடக்கே 65 சென்ரிமீற்றரிலும், ஜூனில் தெற்கே 24 சென்ரிமீற்றரிலும் விழும். ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதை நினைவில் வைத்து, தெற்குப் பக்கத்துக்கும் இடம் விட வேண்டும். மாபிள் கடையில் ஒரு மீற்றர் கழிவுத் துண்டு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அதைப் பதிக்கும் முன்பே அடுத்த திட்டம் மனத்தை இழுக்கிறது. தினமும் கடிகாரத்தின் 12.10க்குப் பொட்டைக் குறித்து வந்தால், ஓராண்டில் கோட்டின் இருபுறமும் 8 வடிவம் விழ வேண்டும். அதற்கு இருபக்கமும் எட்டுச் சென்ரிமீற்றர் அகலம் போதும். ஆகவே ஒடுங்கிய துண்டுக்குப் பதிலாக அகலமானதையே கேட்கப் போகிறேன். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் தலைக்கு நேர்மேலே வரும் நாளில் பொட்டு அடிப்புள்ளியிலேயே விழும் என்பதால், அதற்கு முன் மாபிளைப் பதித்துவிட்டால் முழு அமைப்பையும் ஒரே பார்வையில் சரிபார்த்துக்கொள்ளலாம்.