தாருக்குள் போன படிகள்

சேலம் முதல் அக்ரஹாரத்தில் என் தந்தையார் நடத்திய பாத்திரக் கடைக்கு ஒரு காலத்தில் மூன்று படிகள் இருந்தன. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டுக்கொண்டு வந்ததில் இரண்டு படிகள் சாலைக்குள் புதைந்து போயின. பிறகு வாசலை ஒட்டி வடிகால் கட்டப்பட்டபோது, அதன் மூடுபலகை எஞ்சியிருந்த படியையும் விட முக்கால் அடி மேலே நின்றது. ஏறி இறங்க வேண்டியிருந்ததால், மூட்டுவலிக்காரப் பெண்கள் வாசலோடு திரும்பினார்கள். மழைநீர் மட்டும் தயங்காமல் உள்ளே வந்தது.

நடைபாதையின் விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்றும், நடப்பதற்குத் தடையின்றிக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்றும் சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொன்னது. இவை நடப்பவருக்கான அளவுகள் என்றாலும், கடைக்காரரின் கல்லாவும் இவற்றில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். கால் இடறுமோ என்று தரையைப் பார்த்தபடியே நடப்பவரின் கண்ணில், வாசலில் தொங்கும் தூக்குப்போசி எப்படிப் படும்?

எங்கள் வாசலருகே மாலையில் நின்ற தட்டுவடை செட் வண்டியை அப்பா அடிக்கடி விரட்டுவார். ஆனால் துருவிய பீட்ரூட்டும் இரு வகைச் சட்னியும் வைத்த தட்டோடு நின்றபடி தின்றவர்கள், வேறு வேலையில்லாத கண்களால் எங்கள் பாத்திரங்களைத்தான் பார்த்தார்கள். கை கழுவியதும் உள்ளே வந்து விலை கேட்டவர்களும் உண்டு. வண்டி நின்று போனதும், தெரு அந்த இடத்தில் தங்காமல் வேகமாகக் கடந்து போயிற்று.

சேலத்தின் ஐந்து ரோடு சந்திப்பில் 2020இல் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலம் நெரிசலைக் குறைத்தது உண்மை. ஆயினும் பாலத்தின் மேல் போகிறவருக்குக் கீழே உள்ள கடை இல்லாத கடைதான். கீழே போகிறவருக்கும் எதிர்வரிசைப் பெயர்ப்பலகையைத் தூண்கள் மறைத்துவிடுகின்றன.

நடைபாதையை அகலப்படுத்தினால் வண்டி நிறுத்த இடமில்லாமல் வியாபாரம் படுத்துவிடும் என்பது கடைக்காரர்களின் வழக்கமான வாதம். எங்கள் வாசலில் காலை முதல் இரவு வரை நின்றது வாடிக்கையாளரின் வண்டியன்று, அப்பாவின் டி.வி.எஸ். 50 தான்.

கடையை இப்போது பார்த்துக்கொள்ளும் தம்பி, மூடுபலகையின் இருபுறமும் சிமென்ட் சரிவு போட்டிருக்கிறான். சாலைப் பக்கச் சரிவு ஆக்கிரமிப்பு என்பது அவனுக்கும் தெரியும்.